உலகம் சுற்றிய அன்னம்: அன்னா பாவ்லோவா

ஓவியர் மறைந்தாலும் அவர் வரைந்த ஓவியம் சுவரில் இருக்கும். எழுத்தாளர் மறைந்தாலும் அவருடைய நூல் நூலகத்தில் இருக்கும். நடனக் கலைஞரின் நிலை அப்படியன்று. திரை விழுந்து விளக்கு அணைந்ததும் அவர் ஆடியது முடிந்துபோகிறது. இன்று எந்த நிகழ்ச்சியையும் கைத்தொலைபேசியில் பதிவு செய்துவிடுகிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த வசதி இல்லை. அரங்கில் அமர்ந்து பார்த்தவர்களின் நினைவு ஒன்றுதான் பதிவு.

1931ஆம் ஆண்டில் மறைந்த ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவா நமக்காக விட்டுச் சென்றது சில புகைப்படங்களும், ஒலியில்லாத படச்சுருள்களும்தாம். ஆனாலும் மெக்சிகோவின் நாட்டுப்புற நடனம், இந்தியாவின் நவீன நடனம், நம் பிள்ளைகள் பயிலும் பரதநாட்டியம் ஆகியவற்றின் வரலாற்றைப் புரட்டினால் அவருடைய பெயர் வந்து நிற்கிறது. பாலே மட்டுமே பயின்ற ஒருவர் இத்தனை இடங்களுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்? அவருடைய வாழ்க்கையே அதற்கு விடை.

சலவைத் தொழிலாளியின் மகள்

பாவ்லோவா 1881 பிப்ரவரி 12ஆம் தேதி ரஷ்யாவின் அன்றைய தலைநகரான செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். குறைமாதக் குழந்தை. தாயார் லியுபோவ், துணி வெளுத்துப் பிழைத்தவர். நோஞ்சானாக இருந்த குழந்தையைப் பெரும்பாலும் கிராமத்தில் இருந்த பாட்டிதான் வளர்த்தார்.

அன்னாவுக்கு ஏறத்தாழ எட்டு வயதானபோது தாயார் எப்படியோ பணம் சேர்த்து மகளை மரின்ஸ்கி அரங்குக்கு அழைத்துச் சென்றார். அங்கே நடந்தது ‘உறங்கும் அழகி’ என்னும் பாலே. இசை சாய்க்கோவ்ஸ்கி, நடன அமைப்பு மரியஸ் பெத்திபா. அன்றிரவு அந்தச் சிறுமி தன் எதிர்காலத்தை முடிவு செய்துவிட்டார்.

முடிவு செய்வது எளிது, சேர்வது எளிதன்று. பேரரசு நடனப் பள்ளி முதல் முறை அவரைத் திருப்பி அனுப்பியது. வயது போதாது, உடலும் மெலிந்திருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். அவர் மறுபடியும் முயன்று 1891இல், பத்து வயதில், பள்ளிக்குள் நுழைந்தார். படிப்பு, உணவு, தங்குமிடம் எல்லாம் அரசுச் செலவு. ஏழை வீட்டுப் பெண்ணுக்கு அது பெரிய வாய்ப்பு.

குறையையே வழியாக மாற்றியவர்

அந்தக் காலத்து பாலே உலகம் வேறொரு வகை உடலை விரும்பியது. கட்டுக்கோப்பான, வலுவான, குட்டையான உடல் கொண்ட இத்தாலிய நடனமணிகள்தாம் அன்றைய நட்சத்திரங்கள். ஒற்றைக் கால்விரல் நுனியில் நின்றபடி முப்பது சுற்றுக்கு மேல் சுழன்று அவர்கள் கைத்தட்டலை அள்ளினார்கள். அன்னாவுக்கோ நீண்ட மெல்லிய கைகால்கள். கணுக்கால் ஒல்லி, பாதத்தின் வளைவு மிக அதிகம். உடன் படித்தவர்கள் அவரைத் துடைப்பம் என்று கேலி செய்தார்கள்.

அவரும் அந்தச் சாகசங்களைப் பிடிவாதமாகப் பயின்று பார்த்தார். ஆசிரியர் பாவெல் கெர்ட் அவரைத் தடுத்தார். சாகசத்தை மற்றவர்களுக்கு விட்டுவிடும்படியும், மென்மையும் பாவமும்தான் அன்னாவின் பலம் என்றும் அவர் எடுத்துச் சொன்னார். அந்த அறிவுரை அவருடைய போக்கையே மாற்றியது. ஆனால் பயிற்சியை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. புகழ்பெற்ற பிறகும் இத்தாலிய ஆசான் என்ரிக்கோ செக்கெட்டியிடம் அடிப்படைப் பாடங்களைத் தொடர்ந்து கற்றார்.

பாதத்தின் வளைவு இன்னொரு சிக்கலையும் கொடுத்தது. பாலேயில் கால்விரல் நுனியில் நிற்கும்போது உடலின் முழு எடையும் ஒரு சிறு பரப்பின் மீது இறங்குகிறது. அவருடைய பாதத்தில் அந்த எடை கட்டைவிரல் மீதே அதிகமாக விழுந்தது. அவர் தம் காலணிக்குள் கெட்டியான தோலை வைத்துத் தைத்தார்; நுனியையும் கடினமாக்கிக்கொண்டார். அப்படிச் செய்வது ஏமாற்று வேலை என்று அன்று சிலர் பழித்தார்கள். இன்று பாலே பயிலும் மாணவியர் அணியும் உறுதியான காலணிக்கு முன்னோடியாக அவருடைய காலணி கருதப்படுகிறது.

1899இல் பள்ளிப் படிப்பை முடித்துப் பேரரசு நடனக் குழுவில் சேர்ந்தார். ‘ஜிசெல்’ என்னும் பாலேயில், காதலில் ஏமாற்றப்பட்டு மனம் கலங்கி இறக்கும் கிராமத்துப் பெண்ணாக 1903இல் அவர் ஆடியது பெரும் பேரைக் கொடுத்தது. 1906இல் குழுவின் முதன்மை நடனமணியானார். அப்போது அவருக்கு வயது 25.

சில நிமிட அன்னம்

பாவ்லோவாவின் பெயரோடு என்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் நடனம் ‘சாகும் அன்னம்’. நடன அமைப்பாளர் மிகைல் ஃபோக்கின் அவருக்காகவே அதை உருவாக்கினார். பிரெஞ்சு இசையமைப்பாளர் சான் சான்ஸ் செல்லோ என்னும் நரம்புக் கருவிக்காக எழுதிய சிறு இசைப்பகுதியே அதன் பின்னணி.

அதில் பெரிய தாவல் இல்லை. பம்பரச் சுழற்சி இல்லை. கால்விரல் நுனியில் மிகச் சிறிய அடிகளை வேகமாக வைத்து மேடையில் மிதப்பதுபோல் நகர வேண்டும். மற்றவை எல்லாம் கைகளும் கழுத்தும் முதுகும் சொல்ல வேண்டியவை. ஒரு பறவை மெல்ல மெல்ல உயிர் விடுகிறது, அவ்வளவுதான் கதை. கணக்குப்படி பார்த்தால் கடினமான அசைவுகள் குறைவு. ஆனால் பார்வையாளர் அழுதார்கள். உடலால் எதைச் செய்ய முடியும் என்று காட்டும் நடனம் அன்று நிறைய இருந்தது. உடல் எதை உணர்கிறது என்று காட்டிய நடனம் இது. ஆயிரக்கணக்கான முறை அவர் இதை ஆடினார்.

அரங்குக்கு வராதவர்களைத் தேடி

1908இல் அவர் ரஷ்யாவுக்கு வெளியே முதல் பயணம் கிளம்பினார். மறு ஆண்டு பாரிசில் செர்கேய் டியாகிலெவின் புகழ்பெற்ற ரஷ்ய பாலே குழுவோடு ஆடினார். அங்கேயே இருந்திருந்தால் அக்காலத்தின் மிகப் புதுமையான குழுவில் அவருக்கு நிரந்தர இடம் கிடைத்திருக்கும். அவர் இருக்கவில்லை. இளம் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி ‘நெருப்புப் பறவை’க்கு எழுதிய புதிய பாணி இசை அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வேடம் தமாரா கர்சாவினாவுக்குப் போனது.

இசையிலும் நடன அமைப்பிலும் பாவ்லோவா பழமையை விரும்பியவர் என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. அது உண்மைதான். அவருடைய துணிச்சல் வேறிடத்தில் இருந்தது. யாருக்காக ஆடுவது என்ற கேள்விக்கு அவர் கொடுத்த விடை புதியது. பாலே அதுவரை அரண்மனையும் செல்வந்தர்களும் ஆதரித்த கலை. தலைநகரங்களின் பெரிய அரங்குகளே அதன் வீடு. பாவ்லோவா சொந்தமாக ஒரு குழுவை அமைத்து, பாலேயைக் கண்டிராத ஊர்களுக்குக் கிளம்பினார்.

1912இல் லண்டனின் கோல்டர்ஸ் கிரீன் பகுதியில் ஐவி இல்லம் என்ற வீட்டை வாங்கினார். அங்கிருந்த குளத்தில் அன்னங்களை வளர்த்தார். 1914இல் முதல் உலகப் போர் வெடித்தது. பின்னர் ரஷ்யாவில் புரட்சி வந்தது. தாய்நாட்டுக்கு அவர் மறுபடி திரும்பவே இல்லை. அதன்பின் வாழ்க்கை முழுவதும் ரயிலிலும் கப்பலிலும் கழிந்தது.

குழுவுக்கு அரசு உதவி எதுவும் கிடையாது. நடனமணிகள், இசைக்கலைஞர்கள், உடைகள், காட்சித் திரைகள் எல்லாவற்றுக்கும் நுழைவுச்சீட்டு விற்ற பணத்தில்தான் செலவு. அதனால் கிடைத்த மேடையில் எல்லாம் ஆடினார். லண்டனில் பல்சுவை நிகழ்ச்சிகள் நடக்கும் அரங்கில், மற்ற வேடிக்கைகளுக்கு நடுவே ஆடினார். நியூயார்க்கில் யானைகளும் இடம்பெற்ற ஒரு கேளிக்கை நிகழ்ச்சியில், தாம் சிறுமியாகப் பார்த்து மயங்கிய ‘உறங்கும் அழகி’யைச் சுருக்கி ஆடினார். இதைத் தரக்குறைவு என்று சிலர் நினைத்தார்கள். பாவ்லோவாவுக்கு அது கவலையாகத் தெரியவில்லை. யானையைப் பார்க்க வந்தவரும் அன்று பாலேயைப் பார்த்துவிட்டுத்தானே போனார்!

1917இல் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் அவர் ஆடியதை 13 வயதுச் சிறுவன் ஒருவன் பார்த்தான். நடனக் கலைஞனாவது என்று அன்றே உறுதி கொண்டான். அவர்தான் பின்னாளில் பிரிட்டனின் ராயல் பாலே குழுவை உருவாக்கியவர்களுள் ஒருவராகப் புகழ்பெற்ற ஃபிரடெரிக் ஆஷ்டன். செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு சிறுமிக்கு நடந்தது லிமாவில் ஒரு சிறுவனுக்கு நடந்தது.

மெக்சிகோவில் கற்ற பாடம்

பாவ்லோவா போன ஊர்களில் ஆடியதோடு நிற்கவில்லை. அந்தந்த ஊர் நடனத்தைப் பார்க்கவும் கற்கவும் விரும்பினார். 1919இல் மெக்சிகோ நகரத்துக்குச் சென்றார். நகரின் காளைச் சண்டைத் திடலிலும் பெருங்கூட்டத்தின் முன் ஆடினார்.

அங்கே அவர் மனத்தைக் கவர்ந்தது ‘ஹராபே தபாத்தியோ’ என்னும் ஜோடி நடனம். தரையில் வைத்த அகன்ற தொப்பியைச் சுற்றிக் காதலர்கள் ஆடும் குதூகலமான ஆட்டம் அது. குதிகாலால் தரையைத் தட்டித் தாளம் எழுப்புவது அதன் உயிர். உள்ளூர்க் கலைஞர்களிடம் அதைக் கற்று, மெக்சிகோ பெண்களின் பூவேலைப் பாவாடை அணிந்து, தம் பாலே காலணியோடு கால்விரல் நுனியில் அதை ஆடிக்காட்டினார். ‘மெக்சிகோ கற்பனை’ என்பது அந்த நிகழ்ச்சியின் பெயர்.

மெக்சிகோவின் மேல்தட்டு மக்களில் பலர் அதுவரை அந்த நடனத்தைச் சந்தைக்கடை ஆட்டமாகத்தான் கருதினார்கள். உலகப் புகழ் பெற்ற ஒருவர் மரியாதையோடு அதை மேடையேற்றியபோது பார்வை மாறியது. பின்னாளில் அதுவே அந்நாட்டின் தேசிய நடனமாகப் போற்றப்பட்டது. அதற்கு அவர் ஒருவரே காரணம் அல்லர். புரட்சிக்குப் பிந்திய மெக்சிகோ தன் மண்ணின் கலைகளைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் சரியான நேரத்தில் அவர் அங்கே இருந்தார்.

அஜந்தாவும் ஓர் ஓவிய மாணவரும்

1922இல் அவருடைய குழு கிழக்கு நோக்கிப் பயணமானது. ஜப்பான், சீனா, பிலிப்பீன்ஸ் நாடுகளைக் கடந்து சிங்கப்பூருக்கும் வந்தது. ஜப்பானில் கபுகி மேடையின் பெருங்கலைஞர் ஆறாம் கிக்குகோரோவைச் சந்தித்தார். ஜப்பானிய நடனப் பாடங்களும் கற்றார். பிறகு இந்தியா சென்று கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஆடினார்.

இந்தியாவின் பழம்பெரும் நடனங்களைக் காண வேண்டும் என்பது அவருடைய ஆசை. அன்றைய நகரங்களில் அவர் தேடியது எளிதில் கிடைக்கவில்லை. அஜந்தா குகைகளுக்குப் போய், சுவர்களில் தீட்டப்பட்டிருந்த உருவங்களைப் பார்த்தார். அந்த அனுபவத்திலிருந்து ‘அஜந்தா ஓவியங்கள்’ என்ற பாலே உருவானது.

லண்டன் திரும்பியதும் இந்தியக் கருப்பொருளில் மேலும் நடனங்கள் அமைக்க விரும்பினார். அவருக்கு அறிமுகமானவர் உதய் சங்கர். லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்த இளைஞர். பொழுதுபோக்காக நடனமும் ஆடியவர். பாவ்லோவாவுக்காக அவர் ‘ராதா கிருஷ்ணன்’, ‘இந்து திருமணம்’ என்ற இரு நடனங்களை அமைத்தார். 1923இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் அவை மேடையேறின. பாவ்லோவா ராதையாகவும் உதய் சங்கர் கிருஷ்ணனாகவும் ஆடினார்கள். அமெரிக்கப் பயணத்திலும் உதய் சங்கர் உடன் சென்றார்.

உதய் சங்கருக்கு பாலே கற்றுக்கொள்ள ஆசை. பாவ்லோவா அதை ஊக்குவிக்கவில்லை. சொந்த நாட்டில் அவ்வளவு பெரிய நடனச் செல்வம் இருக்கும்போது அதைத் தேடிக் கற்று உலகுக்குக் காட்டும்படி வலியுறுத்தினார். உதய் சங்கர் அந்த வழியில் நடந்தார். இந்திய மரபுகளையும் மேல்நாட்டு மேடை உத்திகளையும் இணைத்து, இந்திய நவீன நடனத்தின் முன்னோடியானார். அவர் இயக்கி 1948இல் வெளிவந்த ‘கல்பனா’ என்ற நடனத் திரைப்படம் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவானது. சித்தார் மேதை ரவி சங்கர் அவருடைய தம்பி.

கப்பலில் ஒரு சந்திப்பு

அதே அறிவுரை இன்னொருவருக்கும் கிடைத்தது. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி, பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேலை மணந்தவர். 1920களில் அவர் பாவ்லோவாவின் நடனத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்தார். 1920களின் இறுதியில் இருவரும் ஆஸ்திரேலியா நோக்கி ஒரே கப்பலில் பயணம் செய்ய நேர்ந்தது. நட்பு வளர்ந்தது. பாவ்லோவா தம் குழுவின் முன்னணிக் கலைஞர் கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே பயில ஏற்பாடு செய்தார். ஆனால் அதோடு நிற்காமல், சொந்த மண்ணின் நடனத்தைத் தேடும்படியும் சொன்னார்.

அந்த நடனம் தமிழகத்திலேயே இருந்தது. சதிர் என்ற பெயரில், தேவதாசிக் குடும்பங்களும் நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாக அதைக் காத்து வந்தார்கள். ஆனால் சமூகத்தில் அதற்கு மதிப்புக் குறைந்திருந்த காலம் அது. ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அதைக் கற்று 1935இல் மேடையேறினார். அப்போது அவருக்கு வயது 31. 1936இல் சென்னையில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார்.

பாவ்லோவாதான் பரதநாட்டியத்தை மீட்டார் என்று சிலர் சொல்வது மிகை. அந்தக் கலையை உயிரோடு வைத்திருந்தவர்கள் அதன் பரம்பரைக் கலைஞர்கள். ருக்மிணி தேவி அதில் செய்த மாற்றங்களைப் பற்றிய விவாதம் இன்றும் தொடர்கிறது. பாவ்லோவா செய்தது ஒன்றுதான்: தம்மைப் போல ஆட விரும்பி வந்தவரைத் தம் நகலாக ஆக்காமல், அவருடைய வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டார்.

அந்தத் திருப்பம் நம் ஊர் வரைக்கும் வந்திருக்கிறது. கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவியின் மாணவியாக இருந்தவர் நீலா சத்தியலிங்கம். அவர் தம் கணவரோடு சேர்ந்து 1977இல் சிங்கப்பூரில் அப்சராஸ் ஆர்ட்ஸ் நடனக் குழுவைத் தொடங்கினார். பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினார். 1989இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கமும் பெற்றார்.

கடைசிப் பயணம்

ரயிலும் கப்பலுமாக பாவ்லோவா சென்ற தூரம் மூன்று லட்சம் மைலுக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். அதற்கு அவருடைய உடல் விலை கொடுத்தது. வயது ஐம்பதை நெருங்கியபோதும் ஓய்வெடுக்கவில்லை. குழுவில் இருந்தவர்களின் பிழைப்பு அவரை நம்பி இருந்தது. பாரிஸ் அருகே, புரட்சியால் வீடிழந்த ரஷ்யக் குழந்தைகளுக்காக ஓர் இல்லத்தையும் அவர் ஆதரித்து வந்தார்.

1931 ஜனவரியில் ஒரு நடனப் பயணத்துக்காக நெதர்லாந்தின் தி ஹேக் நகருக்குச் சென்றவர் நுரையீரல் உறை அழற்சியால் படுத்தார். அறுவை சிகிச்சை செய்தால் பிழைக்கலாம், ஆனால் மறுபடி ஆட முடியாது என்று மருத்துவர்கள் கூறியபோது அவர் அதற்கு இணங்கவில்லை என்று சொல்லப்படுகிறது. ஜனவரி 23ஆம் தேதி, ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரங்கள் இருக்கையில், தங்குவிடுதி அறையிலேயே உயிர் பிரிந்தது.

சில நாள்களுக்குள் லண்டனில் நடந்த ஒரு பாலே நிகழ்ச்சியில் ‘சாகும் அன்னம்’ இசை ஒலித்தது. திரை விலகியது. மேடையில் யாரும் இல்லை; ஒளிவட்டம் மட்டும் விழுந்தது. பார்வையாளர்கள் எழுந்து நின்றார்கள்.

நமக்கு என்ன?

பாவ்லோவாவின் நடனத்தை நாம் இனிப் பார்க்க முடியாது. மங்கலாகத் தெரியும் பழைய படச்சுருளைப் பார்த்தால், இதற்காகவா மக்கள் அழுதார்கள் என்றுகூட உங்களுக்குத் தோன்றலாம். நேரில் நடக்கும் நடனத்தின் இயல்பு அது. ஆடுபவரின் மூச்சும், கால் தரையைத் தொடும் ஓசையும், அரங்கின் அமைதியும் திரையில் வராது. அவை பார்ப்பவருக்குள்தான் தங்கும். லிமாவில் ஒரு சிறுவனுக்குள்ளும், லண்டனில் ஓர் ஓவிய மாணவருக்குள்ளும், மதுரையில் பிறந்த ஒரு பெண்ணுக்குள்ளும் தங்கியது அப்படித்தான்.

ஆகவே பள்ளியிலோ கல்லூரியிலோ, கோயில் மண்டபத்திலோ, நகரின் பெரிய அரங்கிலோ ஒரு நடன நிகழ்ச்சி நடந்தால் நேரில் சென்று பாருங்கள். அது பாலேயாக இருக்கலாம், சல்சாவாக இருக்கலாம், நவீன நடனமாக இருக்கலாம். பிறர் கலையை மதித்துப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் தன் கலையின் அருமையும் தெரியும். பாலேயை உலகெங்கும் சுமந்து சென்ற பாவ்லோவா, தம்மைத் தேடி வந்தவர்களிடம் உங்கள் மண்ணின் நடனத்தைத் தேடுங்கள் என்று சொல்ல முடிந்தது, போன நாட்டில் எல்லாம் அவர் ஒரு மாணவியாகவும் இருந்ததால்தான்.